டப்பாவா, சத்துமாவா, முட்டையும் மீனுமா? கர்ப்ப காலத்தில் காசை எதில் போடுவது

மாதம் ஆயிரம் ரூபாய். கர்ப்பிணியின் சாப்பாட்டுக்கென்று நடுத்தரக் குடும்பம் ஒன்றால் கூடுதலாக ஒதுக்க முடிகிற தொகை பெரும்பாலும் இதைச் சுற்றித்தான் இருக்கும். சில வீடுகளில் இதுவே பெரிய தொகை. அந்தக் காசு எங்கே போகிறது என்று பார்த்தால், பாதிக்கு மேல் மருந்துக் கடையில் இருக்கும் பவுடர் டப்பாவுக்குப் போய்விடுகிறது. மீதியில் மாதுளம்பழமும் பேரீச்சம்பழமும் வாங்குகிறார்கள். இன்னும் கொஞ்சம் இருந்தால் குங்குமப்பூ. குழந்தையின் நிறத்தை அப்பா அம்மாவிடமிருந்து வரும் மரபணுக்கள் முடிவு செய்கின்றன, குங்குமப்பூவுக்கு அதில் வேலையில்லை. எனவே அதை இத்தோடு விட்டுவிடலாம். மற்றவை எல்லாம் உண்மையிலேயே யோசிக்க வேண்டியவை. டப்பா பவுடர், வீட்டிலோ அங்கன்வாடியிலோ கிடைக்கும் சத்துமாவு, முட்டை, மீன், பயறு போன்ற சாதாரணச் சாப்பாடு என்று மூன்று வழிகள் இருக்கின்றன. இவற்றில் எது எதற்கு உதவும், எது எதற்கு உதவாது என்று பார்ப்போம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு முட்டைக்கும் சின்ன மீனுக்கும் பயறுக்கும் போகட்டும். இரும்புச்சத்தை மாத்திரை பார்த்துக்கொள்ளட்டும். டப்பாவை, வேறு வழியில்லாதபோது யோசிக்கலாம்.

முதலில், எவ்வளவு கூடுதலாக வேண்டும்?

"இனிமே ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் கணக்கு அப்படியில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 350 கலோரிதான் கூடுதலாக வேண்டும். புரதம், நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை 9.5 கிராமும், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராமும் கூடுதலாக வேண்டும். கலோரி கொஞ்சம், புரதம் நிறைய. நம் தட்டிலோ இது தலைகீழாக நடக்கிறது. இன்னொரு கரண்டி சோறு, இன்னும் இரண்டு இட்லி என்றுதான் கூட்டுகிறோம். இன்னொரு கரண்டி பருப்பு என்று யாரும் கூட்டுவதில்லை.

350 கலோரி என்றால் எவ்வளவு? 200 மில்லி பால் ஒரு டம்ளர், வேகவைத்த முட்டை ஒன்று, தோலோடு வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 25 கிராம். மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய 340 கலோரி, 19 கிராம் புரதம். வழக்கமான மூன்று வேளைச் சாப்பாட்டோடு இது சேர்ந்தால், கூடுதல் தேவையில் பெரும்பகுதி முடிந்தது. இன்றைய விலையில் பார்த்தால் பாலுக்கு எட்டு, பத்து ரூபாய், முட்டைக்கு ஏழு ரூபாய் சுற்றி, கடலைக்கு நாலு ரூபாய். மொத்தம் இருபது ரூபாய்ச் சொச்சம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

டப்பா

கர்ப்பிணிகளுக்கென்று விற்கும் பவுடர்களில் பல கம்பெனிகள் இருக்கின்றன. பெயர் முக்கியமில்லை, எல்லாவற்றையும் படிக்கும் முறை ஒன்றுதான். டப்பாவைத் திருப்பிப் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். ஒரு வேளைக்கு 25 அல்லது 30 கிராம் என்று போட்டிருக்கும். அந்த அளவில் இருக்கும் புரதம் பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு கிராமுக்குள் வரும். அதாவது ஒரு முட்டை அளவு. சில டப்பாக்களில் பக்கத்திலேயே இன்னொரு பத்தி இருக்கும், "பாலில் கலந்தால்" என்று. அதில் புரதமும் கால்சியமும் கூடுதலாகத் தெரியும். அந்தக் கூடுதல் நீங்கள் ஊற்றிய பாலிலிருந்து வந்தது. வெறும் பாலைக் குடித்தாலும் அது கிடைத்திருக்கும்.

அடுத்து, சேர்மானங்களின் பட்டியல். நம் நாட்டு விதிப்படி எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். முதல் மூன்று நான்கு பெயர்களுக்குள் சர்க்கரை, மால்டோடெக்ஸ்ட்ரின், திரவ குளுக்கோஸ் என்று ஏதாவது வந்தால், புரதத்துக்கென்று கொடுக்கும் காசில் ஒரு பகுதி சர்க்கரைக்குப் போகிறது என்று அர்த்தம். இந்த வகைப் பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்று சொல்வதிலேயே சிக்கல் உண்டு. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இதைக் காட்டித்தான், இணையக் கடைகள் அந்தத் தலைப்பின்கீழ் பானங்களை விற்கக் கூடாது என்று அறிவுறுத்தியது.

விலைக் கணக்கையும் போடுவோம். 400 கிராம் டப்பா 500 ரூபாய் என்று வையுங்கள். வேளைக்கு 25 கிராம் என்றால் 16 வேளைக்கு வரும். ஒரு வேளைக்கு 31 ரூபாய். காலையும் இரவும் குடித்தால் எட்டே நாளில் டப்பா காலி. மாதத்துக்கு நாலு டப்பா வேண்டும், 2,000 ரூபாய். அவ்வளவு செலவழிக்க முடியாமல், ஒரு டப்பாவை மாதம் முழுக்க இழுத்து, டம்ளருக்கு ஒரு ஸ்பூன் போட்டுக் குடிக்கிறார்கள். அப்போது கிடைப்பது நிறமும் மணமும்தான். அதே 500 ரூபாய்க்கு எழுபது முட்டை வரும்.

"டப்பாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், டி.எச்.ஏ எல்லாம் சேர்த்திருக்கிறார்களே?" என்று கேட்கலாம். சேர்த்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் இரும்பும் ஃபோலிக் அமிலமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் மாத்திரையில் இதைவிட அதிகமாக இருக்கின்றன. குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் தேவைப்படும் டி.எச்.ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு, நாளைக்கு 200 மில்லிகிராம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. டப்பாவில் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்துவிட்டு, கீழே மீனைப் பற்றிச் சொல்லும்போது ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. சத்துக் குறைவு பரவலாக உள்ள இடங்களில் கலோரியும் புரதமும் சமச்சீராகச் சேர்ந்த கூடுதல் உணவு நல்லது என்கிறது. அதிகப் புரதம் உள்ள பவுடர்களைக் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைக்கவில்லை. ஜிம்முக்குப் போகிற தம்பியின் புரோட்டீன் டப்பாவிலிருந்து அக்காவுக்கு ஒரு ஸ்பூன் கலந்து கொடுப்பது சில வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

சரி, டப்பா யாருக்கு உதவும்? மசக்கை கடுமையாக இருந்து, தாளிக்கிற வாசனையே ஆகாமல், குளிர்ந்த பானம் மட்டுமே வயிற்றில் நிற்கிறது என்றால் சில வாரங்களுக்கு உதவும். எடை மிகக் குறைவாக இருந்து மருத்துவர் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்திருந்தால் வாங்கத்தான் வேண்டும். விடியற்காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து வேலைக்கு ஓடுகிற பெண்ணுக்கு, ஒன்றுமே சாப்பிடாமல் போவதைவிட ஒரு டம்ளர் பவுடர் பால் எவ்வளவோ மேல். ஆனால் பலர் வாங்குவது இந்தக் காரணங்களுக்காக அல்ல, பயத்தால். "வாங்காம இருந்தா குழந்தைக்கு ஏதாவது குறை வந்துடுமோ அக்கா?" என்று கேட்பார்கள். வராது. மூன்று வேளை ஒழுங்காகச் சாப்பிட்டு மாத்திரைகளைப் போடுகிற பெண்ணுக்கு டப்பா இல்லாததால் எந்தக் குறையும் வராது.

தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் வரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலும் ஒரு சத்துப் பவுடர் டப்பா இருக்கும். 18,000 ரூபாய் உதவியில் 4,000 ரூபாய் இந்தப் பெட்டகங்களாகத்தான் வருகிறது. கையில் கிடைத்ததை வீணாக்க வேண்டாம், அது தீரும்வரை குடிக்கட்டும். தீர்ந்ததும் அதே டப்பாவைத் தேடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

சத்துமாவு

வீட்டுச் சத்துமாவு டப்பாவைவிட எவ்வளவோ நல்லது, சரியாகச் செய்தால். நம் ஊரில் இதில் நடக்கிற தவறு, பொருட்களை அடுக்கிக்கொண்டே போவது. இருபத்தொரு தானியம், முப்பத்தாறு தானியம் என்று எண்ணிக்கையைச் சொல்லி விற்கிறார்கள். அதில் அரிசியும் ஜவ்வரிசியும் சோளமும் முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜவ்வரிசி வெறும் மாவுச்சத்து. பாதாமும் முந்திரியும் பெயருக்கு நாலு விழும்.

நான் சொல்கிற அளவு எளிது. முளைகட்டி உலர்த்திய ராகி அரை கிலோ, வறுத்த பச்சைப்பயறு கால் கிலோ, பொட்டுக்கடலை 150 கிராம், வேர்க்கடலை 100 கிராம். ஒரு கிலோ மாவு. இதில் நூற்றுக்குப் பதினைந்து கிராம் புரதம் தேறும். 40 கிராம் மாவில் காய்ச்சினால் ஒரு முட்டைக்குச் சமமான புரதம், கூடவே ராகியின் கால்சியம். 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு, வேறு எந்தத் தானியமும் அதன் பக்கத்தில் வராது. முளைகட்டுவதால் ராகியில் இருக்கும் ஃபைட்டேட் குறைகிறது. இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பு உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ஆகவே முளைகட்டும் வேலையைத் தவிர்க்காதீர்கள். வேர்க்கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூசணம் பட்டது எல்லாவற்றையும் கையால் பொறுக்கித் தள்ளுங்கள். அதில் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. பதினைந்து நாளைக்கு வருகிற அளவே அரைத்து வைத்தால் போதும். அரவைக் கூலியோடு கிலோவுக்கு 150 ரூபாய்க்குள் முடியும். வேளைக்கு ஆறு ரூபாய்.

ஆனால் கஞ்சியைக் காய்ச்சும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் மாவு போட்டால் பத்து கிராம். ஒன்றரை கிராம் புரதம்தான் கிடைக்கும். மூன்று நான்கு ஸ்பூன் குவித்துப் போட்டு, கெட்டியாகக் கிளறி, இறக்கியபின் பால் சேர்க்க வேண்டும். குடிக்கப் பிடிக்கவில்லையென்றால் தோசை மாவில் கலந்து ஊற்றலாம்.

அங்கன்வாடியில் தரும் மாவை இங்கே சொல்லியாக வேண்டும். கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய ராகி, கடலை மாவு, வெல்லம், அதோடு சேர்க்கப்பட்ட வைட்டமின்களும் தாதுக்களும். பதிவு செய்த ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அது இலவசம். இலங்கையில் தாய்மாருக்குக் கொடுக்கும் திரிபோஷாவும் இதே யோசனைதான். நம் ஊரில் இந்தப் பாக்கெட் பல வீடுகளில் மாட்டுத் தொட்டிக்கும் கோழிக்கும் போகிறது. ருசியில்லை என்கிறார்கள். தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் பசை மாதிரி ஒட்டும், உண்மைதான். அதைப் புட்டாகச் செய்து பாருங்கள். மாவை வாணலியில் எண்ணெயில்லாமல் வாசம் வரும்வரை வறுத்து, ஆறியபின் ஒரு சிட்டிகை உப்புத் தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துப் பிசிற வேண்டும். பிடித்தால் பிடியும், உதிர்த்தால் உதிர வேண்டும், அதுதான் பதம். இட்லித் தட்டில் துணி போட்டுப் பத்து நிமிடம் ஆவியில் வைத்து, தேங்காய்த்துருவலும் ஏலக்காயும் சேர்த்தால், வெல்லம் ஏற்கெனவே அதில் இருப்பதால் வேறு இனிப்பே வேண்டாம். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் இந்த மாவு சரிவராது.

முட்டை, மீன், பால், பயறு

என் ஓட்டு இதற்குத்தான். காரணம் விலை மட்டுமில்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதத்தோடு ஏறக்குறைய 147 மில்லிகிராம் கோலின் இருக்கிறது. குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய சத்து இது. கர்ப்பிணிக்கு நாளைக்கு 450 மில்லிகிராம் வேண்டும். இரண்டு முட்டையில் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிவிடலாம், மஞ்சள் கருவோடு சாப்பிட்டால். மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடச் சொல்பவர்கள் உண்டு. கோலின் இருப்பதே மஞ்சளில்தான். "முட்டை சூடு" என்று வெயில் காலத்தில் நிறுத்துவதற்கும் காரணமில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு, முழுதாக வேக வேண்டும். ஆஃப்பாயில், கலக்கி எல்லாம் குழந்தை பிறந்தபிறகு வைத்துக்கொள்ளலாம். சரியாக வேகாத முட்டையால் வரும் சால்மொனெல்லா தொற்று கர்ப்பிணியைக் கடுமையாகப் படுத்தும்.

மீனில்தான் தேர்வு உண்மையிலேயே முக்கியம். வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாள் என்றால் நல்ல மீனாகப் பார்த்து வஞ்சிரம் வாங்குவார்கள். பாசம்தான். ஆனால் வஞ்சிரம் போன்ற பெரிய மீன்கள் சின்ன மீன்களைத் தின்று வளர்பவை. கடலில் இருக்கும் பாதரசம் ஒவ்வொரு படியாக ஏறி அவற்றின் சதையில் சேர்ந்துவிடுகிறது. குழந்தையின் நரம்பு மண்டலத்துக்கு அது ஆகாது. சுறாவும் கொப்பரன் மீனும் கர்ப்ப காலத்தில் வேண்டவே வேண்டாம். வஞ்சிரமும் சூரையும் எப்போதாவது ஒரு துண்டு. மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி ஆகியவை தாராளமாக. தூத்துக்குடிப் பக்கம் சாளை என்பதும் மத்திதான், தெற்கே அயிலை என்பது கானாங்கெளுத்தி. நூறு கிராம் மத்தியில் ஒமேகா-3 கொழுப்பு கிராம் கணக்கில் இருக்கிறது. டப்பாவில் மில்லிகிராம் கணக்கில் எழுதியிருப்பார்கள். மத்தியையும் நெத்திலியையும் முள்ளோடு மெல்ல முடிந்தால் கால்சியமும் சேரும். ஒரு கிலோ வஞ்சிரத்தின் விலைக்கு நாலைந்து கிலோ மத்தி வாங்கலாம். மலிவான மீன் என்று நினைத்துக் கர்ப்பிணிக்குக் கொடுக்கத் தயங்குகிறோமே, அதுதான் அவளுக்கு ஏற்ற மீன்.

வாரத்துக்கு 230லிருந்து 340 கிராம் வரை மீன் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்குச் சொல்லும் அளவு. இரண்டு மூன்று வேளைக்குக் குழம்பாக வரும். கருவாடு வேறு விஷயம். ரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியவர்கள் அதன் உப்புக்காகவே ஒதுக்கிவிட வேண்டும்.

ஆயிரம் ரூபாயை இந்த வழியில் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு இரண்டு முட்டை, மாதம் 420 ரூபாய். வேர்க்கடலை முக்கால் கிலோ, 120 ரூபாய். வாரம் அரை கிலோ மத்தியோ நெத்திலியோ, கடற்கரை ஊர் விலையில் மாதம் 300 ரூபாய் சுற்றி. மீதி 160 ரூபாய் கொய்யா, எலுமிச்சை, கீரைக்கு. பால் எப்படியும் வீட்டில் வாங்குகிறோம். இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் இரண்டு டப்பாவை வைத்துப் பாருங்கள், எது பெரிது என்று தெரிந்துவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், ஆனால் முடியாதது ஒன்றுமில்லை. மத்தியானம் கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், சாயங்காலம் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ சுண்டல், இரண்டு வேளை தயிர், ஒரு டம்ளர் பால், இடையில் வேர்க்கடலை. பன்னீரோ சோயாவோ வாரம் இரண்டு நாள். புரதம் வந்துவிடும். வராமல் போகக்கூடியது பி12. அது செடிகொடிகளில் கிடையாது, பாலிலும் தயிரிலும் இருந்துதான் வர வேண்டும். பாலையும் ஒதுக்குகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லி பி12 மாத்திரை வாங்கியே ஆக வேண்டும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஒரு கரண்டி சாம்பாரில் இருப்பது பெரும்பாலும் புளித்தண்ணீர்.

இரும்பு: கீரையா, மாத்திரையா, ட்ரிப்ஸா?

இவ்வளவு நேரம் மாத்திரைக்கு எதிராகச் சாப்பாட்டுப் பக்கம் பேசுகிறேன் என்று தோன்றினால், இங்கே மாற்றிச் சொல்கிறேன். இரும்பில் மட்டும் சாப்பாடு போதாது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில் நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய பாதிப்பேர். கீரை சாப்பிடாததால் மட்டும் இது வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு கர்ப்பம் முழுக்க உடம்பு கேட்கும் இரும்பு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம். தாயின் ரத்தம் பெருகுவதற்கே அதில் பாதி. பிற்பாதி மாதங்களில் தினமும் ஆறு, ஏழு மில்லிகிராம் உடம்பில் சேர வேண்டும். சாப்பிட வேண்டிய அளவு அல்ல, சேர வேண்டிய அளவு. ஆய்ந்த முருங்கைக்கீரை நூறு கிராமில் நாலரை மில்லிகிராம் இரும்பு. நூறு கிராம் என்பது வதக்கினால் ஒரு கிண்ணம். தாவர இரும்பில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தால் பெரிது. ஆக, ஒரு கிண்ணம் முருங்கைக்கீரையிலிருந்து அரை மில்லிகிராம்கூடச் சேராது. மாதுளையிலும் பீட்ரூட்டிலும் நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூட இரும்பு இல்லை. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம், அவ்வளவுதான். நாலு பேரீச்சம்பழத்தில் ஒரு மில்லிகிராமைச் சுற்றித்தான். பேரீச்சை சிரப்பில் இரும்பைவிடச் சர்க்கரை எத்தனையோ மடங்கு.

அரசு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலும் ஆறு மில்லிகிராம். வேண்டியது அதுதான். நான்காவது மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை, அப்போது தினம் இரண்டாக்குவார்கள். கூடவே குடற்புழுவுக்கு ஆல்பெண்டசோல் ஒரே ஒரு வேளை, முதல் மூன்று மாதம் கழிந்தபின்.

மாத்திரை வாங்கியும் போடாமல் அலமாரியில் சேர்த்து வைக்கிற பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். வாயில் இரும்பு வாசம், குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுத்துப் போவது எல்லாம் உண்மை. கறுப்பு பயப்பட வேண்டியதில்லை. குமட்டினால் காலையில் போடாமல், இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். மலச்சிக்கலுக்குக் கொய்யா, கீரை, நிறையத் தண்ணீர். கொய்யாவின் வைட்டமின் சி இரும்பைச் சேர்க்கவும் உதவுகிறது. கீரைக்கு அதில்தான் வேலை, மாத்திரைக்குப் பதிலாக அல்ல. பாலோடும் கால்சியம் மாத்திரையோடும் இரும்பு மாத்திரையைச் சேர்க்கக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் இரும்பு சேருவது குறையும். கால்சியம் காலையும் மதியமும் சாப்பாட்டோடு, இரும்பு இரவில் என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை.

காபி, டீயை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல். இட்லி சாப்பிட்ட கையோடு ஃபில்டர் காபி குடிக்கிற நம் வழக்கம் இரும்புக்கு எதிரி. 150 மில்லி ஃபில்டர் காபியில் 80லிருந்து 120 மில்லிகிராம் காஃபீன் இருக்கிறது. நாளைக்கு இரண்டு சின்ன டம்ளரோடு நிறுத்துவது நல்லது.

கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஈரலா, சுவரொட்டியா என்றால் சுவரொட்டி. மண்ணீரலில் ஈரலைவிட இரும்பு கூடுதல், கறி இரும்பு என்பதால் கீரையைவிட நன்றாகச் சேரும். ஈரலில் ஒரு சிக்கல் உண்டு. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். கர்ப்பிணிக்கு நாளைக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது எல்லை, நூறு கிராம் ஆட்டு ஈரலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். அளவு மீறினால் கருவின் உறுப்புகள் உருவாவதில் கோளாறு வரலாம். முதல் மூன்று மாதம் ஈரலைத் தொடாமல் இருப்பதே நல்லது. நம் பாட்டிமார் சுவரொட்டியைத் தனியாகச் சொல்லி வாங்கியது சரிதான். நன்றாக வேகவைத்து வாரம் ஒரு தடவை கொடுங்கள்.

ட்ரிப்ஸ் எப்போது? இரண்டு மாத்திரையை ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறவில்லை, அல்லது மாத்திரை வயிற்றில் நிற்கவே இல்லை, அல்லது பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டது என்றால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் முடிந்தபின்தான் போடுவார்கள். சில வகையில் நாலைந்து தடவை போக வேண்டும், ஃபெர்ரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற வகை ஒரே தடவையில் 1,000 மில்லிகிராம் வரை ஏற்றும். பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை. பிரசவத்தில் ரத்தம் போகும்போது ஹீமோகுளோபின் எட்டில் இருக்கிறவளுக்கும் பதினொன்றில் இருக்கிறவளுக்கும் உள்ள வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. மாத்திரைக்கும் ஏறவில்லை என்றால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சர்க்கரை இருந்தால்

தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள். 140ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா பல ஆண்டுகள் வலியுறுத்தி வந்த முறை இது. சர்க்கரை இருப்பது தெரிந்ததும் மேலே சொன்ன ஒப்பீடு இன்னும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். டப்பாவும் வெல்லம் சேர்ந்த மாவும் வெளியே. கூழும் கஞ்சியும்கூட வேகமாகச் சர்க்கரையை ஏற்றும், அதே ராகியை அடையாகச் சுட்டு முட்டையோடு சாப்பிட்டால் ஏற்றம் குறையும். சுண்டல், முட்டை, மீன், மோர் இவைதான் கைகொடுக்கும். சோற்றை நிறுத்த வேண்டாம், பாதியாக்கி அந்த இடத்தில் காயும் பருப்பும்.

பிறந்த பிறகு

இந்தச் செலவைப் பிரசவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் எனக்கு மிகவும் வருத்தம். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் கூடுதலாக வேண்டியது 600 கலோரி, கர்ப்பத்தில் வேண்டியதைவிட அதிகம். இரும்பு மாத்திரையும் பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள் தொடர வேண்டும். ஆனால் அப்போதுதான் பத்தியம் என்று முட்டையையும் பயறையும் கீரையையும் நிறுத்தி, பூண்டுக் குழம்பும் ரசமும் சோறுமாகத் தட்டைச் சுருக்குகிறோம். பூண்டு இருக்கட்டும், கூடவே முட்டையும் இருக்கட்டும். பால் சுரக்க வேண்டுமென்று பால்சுறாப் புட்டு செய்து கொடுப்பது கடற்கரை ஊர்களில் நெடுநாள் வழக்கம். குட்டிச் சுறாவில் பெரியதைவிடப் பாதரசம் குறைவுதான். ஆனாலும் தினமும் வேண்டாம், எப்போதாவது ஒரு நாள் என்று வைத்துக்கொண்டு மற்ற நாளில் அதே பூண்டு, மிளகு, சின்ன வெங்காயத்தோடு நெத்திலியை முள் நீக்கி உதிர்த்துப் புட்டு செய்யலாம். ருசியில் குறையாது.